பின் போட்ட கடைசிப் பக்கங்கள்

'டக்' என்று ஒரு சத்தம். வங்கியிலோ பள்ளி அலுவலகத்திலோ யாராவது ஸ்டேப்ளரை அழுத்தினால் போதும், மழையில் நனைந்த சணல் கயிற்றின் வாடையும், புது அச்சு மையின் வாடையும், சேலத்திலிருந்து மலையேறி வந்து மூச்சு வாங்கி நிற்கும் பஸ்ஸின் டீசல் வாடையும் ஒன்றாகக் கலந்து என் மூக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இத்தனை வயசுக்கு மேலும் கால்கள் ஒரு நொடி ஓடத் துடிக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த மணியண்ணன் கடையில்தான் அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டேன்.

வெற்றிலை, பிஸ்கட், மெழுகுவத்தி, பேப்பர் என்று எல்லாம் விற்கிற சின்னக் கடை அது. ஆனால் எனக்கும் என் தோழி ஸ்டெல்லாவுக்கும் அது உலகத்திலேயே பெரிய கடை. ஏனென்றால் காலை முதல் பஸ்ஸின் கூரையில் ஏறி வரும் 'கட்டு' அங்கேதான் இறங்கும். கட்டுக்குள் கையடக்க மர்ம நாவல்கள், சித்திரக்கதைகள், வெடிச்சத்தம் கேட்காத பக்கமே இல்லாத துப்பறியும் கதைகள்! மணியண்ணன் கயிற்றை அறுப்பார், ஒவ்வொரு புத்தகத்தையும் தட்டி அடுக்குவார், பிறகு ஸ்டேப்ளரை எடுத்துக் கடைசிப் பத்துப் பதினைந்து பக்கங்களை மட்டும் சேர்த்துப் பிடித்து, ஓரத்தில் 'டக்' என்று ஒரு பின்னை அடித்துவிடுவார். முடிவு உள்ளே, நாங்கள் வெளியே.

அவர் எங்களை விரட்டியதே இல்லை. "நின்னுக்கிட்டு ஓசில படிக்கறத நான் வேண்டாங்கலயே கண்ணு. பின்னு வரைக்கும் படி, நல்லாப் படி. அதுக்கு மேல வாங்கறவிங்களுக்குத்தான்" என்பார். வாங்குவதற்கு எங்களிடம் ஏது வழி? அதற்கும் அவரே ஒரு வழி வைத்திருந்தார். நாங்கள் படித்த புத்தகத்தை வாங்க ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டால், அந்த ஆளின் முன்னாலேயே பேனாக்கத்தியால் பின்னைப் புடுங்கி எங்கள் கையில் கொடுப்பார். வாங்கினவர் டீயைக் குடித்துக்கொண்டு காத்திருக்க, நாங்கள் நின்ற இடத்திலேயே முடிவை விழுங்கிவிட்டு, புத்தகத்தை மரியாதையாக அவரிடம் ஒப்படைக்க வேண்டும். கடைவீதியில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. "சீக்கிரம் முடி சாமி, ஜீப்பு கெளம்புது" என்பார்கள், அவ்வளவுதான்.

ஆகவே முடிவு தெரிய வேண்டுமானால் நன்றாகச் சிபாரிசு செய்யத் தெரிய வேண்டும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் 'கொக்கி போடுறது'. அடேயப்பா, அதில்தான் எத்தனை நுணுக்கம்! மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுகிறவர்களுக்குத் துரத்தல் கதை, ஆஸ்பத்திரி நர்ஸம்மாக்களுக்கு விஷம் வைத்த கதை, எஸ்டேட் ரைட்டர்மார்களுக்குப் புதையல். ஸ்டெல்லாவின் அப்பாவே ஒரு ரைட்டர்தான், தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதுகிறவர், அவரே இரண்டு முறை அவளிடம் ஏமாந்திருக்கிறார். அவள் சித்திரக்கதைக்காரி. குதிரை ஓடினால் கடைப் பலகையில் விரலால் குதிரை ஓட்டுவாள், துப்பாக்கி வெடித்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நாவல்காரி. குரலைத் தாழ்த்தி, மெதுவாக ஆரம்பித்து, கேட்கிறவர் வாயிலிருந்து "அப்பறம்?" என்று எப்போது வருகிறதோ அந்த இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுவேன். 'அப்பறம்' வந்துவிட்டால் ஆள் விழுந்தார் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் அது கொக்கி இல்லை, வெறும் வாயாடித்தனம்.

வீட்டில் அம்மா மட்டும் தலையில் அடித்துக்கொள்வாள். "இப்படிக் கதைப் பொஸ்தகத்துல மூஞ்சிய உட்டுக்கிட்டே திரிஞ்சீன்னா, நாளைக்குப் போற ஊட்ல அரிசியை உட்டுட்டுப் பொஸ்தகத்தை ஒலைல போட்டுருவே" என்பாள். அப்படியெல்லாம் நான் செய்யவில்லை. குழம்பு மட்டும் சில முறை அடிப்பிடித்திருக்கிறது.

ஒரு ஜூலை மாதம். மூடுபனி ஏரியை விழுங்கிவிட்டுக் கடைவீதிக்குள்ளும் வந்து நின்றுகொண்டிருந்தது. சுற்றுலாக்காரர்கள் வராத காலம், வியாபாரம் படுத்துக் கிடந்தது. அந்த வாரக் கட்டுக்குள் ஒரு நாவல், ஒரே ஒரு பிரதி. அதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. கேளுங்கள்: ஒரு தபால்காரர் வாராவாரம் திங்கட்கிழமை ஒரே வீட்டுக்குப் பதிவுத்தபால் கொண்டுபோகிறார். ஒவ்வொரு வாரமும் கதவைத் திறப்பது வேறு ஆள், ஆனால் போடுகிற கையெழுத்து மட்டும் ஒரே கையெழுத்து. ஒரு திங்கட்கிழமை கதவு திறந்தே கிடக்கிறது. ரேடியோ பாடுகிறது, அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, ஆளைக் காணோம். அவர் உள்ளே காலை வைக்கிறார். பின்னால் கதவு சாத்திக்கொள்கிறது. சுவரில் ஒரு பழைய போட்டோ. அந்தப் போட்டோவில் இருப்பது...

அங்கே பின். ஐயோ, ஐயோ!

விற்காத புத்தகங்களை வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் 'ரிட்டர்ன் கட்டு' என்று சேலத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போனால் போனதுதான். அதற்குள் ஆள் பிடிக்காவிட்டால் அந்தப் போட்டோவில் இருந்தது யார் என்று எனக்கு ஆயுசுக்கும் தெரியாது! வாரம் முழுக்க அலைந்தேன். மருந்துக்கடைக்காரர், "எனக்கு பிரஷர் இருக்குது கண்ணு, வேண்டாம் உட்டுரு" என்றார். அப்பா சமையல் பார்த்த லாட்ஜின் மேனேஜர், போட்டோவில் இருப்பது தபால்காரரின் அண்ணன்தான் என்று தானாகவே ஒரு முடிவைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் யூனிபாரத்தோடு நேரே கடைக்கு ஓடினேன். ஸ்டெல்லாவும் கூட வந்தாள். மணியண்ணன் ரிட்டர்ன் கட்டுக்குக் கயிறு எடுத்துக்கொண்டிருந்தார். கடை ஓரத்தில், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, புதிதாக ஓர் அம்மா டீ கிளாஸோடு நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் யூனிபாரத்தைப் பார்த்ததும், "நீயும் அந்த ஸ்கூலா கண்ணு? என்ற பொண்ணை ஹாஸ்டல்ல உட்டுட்டு வர்றேன். ஆறாவது. பேரு உமா. ஒரு வார்த்தை பேசமாட்டேங்குது" என்றார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மணியண்ணன் முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டாரே!

"ஏனுங்க, ஒரு தபால்காரரு இருக்காருங்க" என்று ஆரம்பித்தேன்.

முதலில் அவர் காதிலேயே வாங்கவில்லை. இரண்டாவது திங்கட்கிழமையில் என்னைப் பார்த்தார். பால் பொங்கும்போது டீயைக் கீழே வைத்தார். கதவு சாத்திக்கொண்டதும், சிவந்த கண்ணை அகலமாகத் திறந்து, "அப்பறம்?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஸ்டெல்லா என் முதுகில் கிள்ளினாள். மணியண்ணன் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்து, புத்தகத்தை எடுத்து, பேனாக்கத்தியால் பின்னைப் புடுங்கினார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கண்டக்டரண்ணன் விசில் ஊதினார். "சேலம், சேலம்! ஏறுங்க, ஏறுங்க!" அந்த அம்மா காசைப் பலகையில் வைத்தார், புத்தகத்தை மணியண்ணன் கையிலிருந்து வாங்கினார், குடையைக் கக்கத்தில் இடுக்கினார், பஸ்ஸில் ஏறிவிட்டார்! வாங்குகிறவர் நிற்பார், விற்றுக் கொடுத்த பிள்ளை முடிவைப் படிக்கும் என்பது ஊருக்கே தெரிந்த வழக்கம். அது எங்கள் ஊரில் மட்டும்தான் வழக்கம் என்பது, பஸ் நகர்ந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

"ஓடுடீ!" என்றாள் ஸ்டெல்லா. காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி ரோட்டைப் பிடிக்கும் குறுக்குப் பாதை அவளுக்கு அத்துப்படி. பனியில் பஸ் ஊர்ந்துதான் போகும், அங்கங்கே ஆள் ஏற்றவும் நிற்கும். வழுக்கி விழுந்து, எழுந்து, காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியாமல் மேல் வளைவுக்கு வந்து சேர்ந்தோம். மலையேறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் அல்லவா? எங்கள் நல்ல நேரம், கீழே ஒரு லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது, பஸ் ஒதுங்கி நின்றது. ஜன்னலோரம் அந்த அம்மா. புத்தகத்துக்குள் முகம்.

"ஏனுங்க! முடிவு! கடைசிப் பக்கம் பாருங்க! போட்டோவுல யாருங்க?" என்று இருவரும் கத்தினோம்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். விஷயம் புரிந்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டப் போனார். பிறகு கையை எடுத்துவிட்டார். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அய்யோ, நான் ரெண்டாவது திங்கக்கெழமைலதான் கண்ணு இருக்கறேன்! இப்ப முடிவைப் பாத்துட்டா அப்பறம் எப்படிப் படிக்கறது? நான் பாக்கமாட்டேன்!" என்றார். எங்கள் கொக்கி அவ்வளவு ஆழமாகக் குத்திவிட்டிருந்தது. கண்டக்டரண்ணன் வாசல் படியில் தொங்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். லாரி ஏறிவிட்டது. பஸ் கிளம்பிவிட்டது. எங்கள் முடிவு வளைந்து வளைந்து அடிவாரத்துக்கு இறங்கிப் போய்விட்டது. நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

திங்கட்கிழமை காலை. ஆமாம், கதையில் வருவது போலவே திங்கட்கிழமை! முதல் பஸ் வந்ததும் கண்டக்டரண்ணன் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். "அந்தம்மா சேலம் பஸ் ஸ்டாண்டுல வந்து குடுத்துட்டுப் போனாங்க கண்ணு. ஒங்க கொக்கி, பின்னு கதையெல்லாம் அன்னிக்கே பஸ்ஸுல சொல்லிட்டேன். ராத்திரியே முடிச்சுட்டாங்களாம். ஒன்னோடது இது. இன்னொன்னு அவிங்க புள்ளைக்கு." பிரித்தால் உள்ளே தபால்காரர்! கூடவே இன்னொரு நாவல். அதன் கடைசிப் பக்கங்களில், புடவைக்குக் குத்துகிற ஊக்கு ஒன்று மாட்டியிருந்தது. "நேராக் குடுத்தா அது தொடாதாம். நீ அதுக்குக் கொக்கி போடணுமாம். அது கேட்டதுக்கு அப்பறம் ரெண்டு பேரும் சேந்து ஊக்கை எடுக்கணுமாம். நொம்ப கெட்டிக்கார அம்மா" என்றார்.

தபால்காரர் கதையின் முடிவை அங்கேயே, பஸ்ஸின் நிழலில் நின்று படித்தேன். கண்டக்டரண்ணனும் ஸ்டெல்லாவும் மணியண்ணனும் ஆளுக்கொரு பக்கம் எட்டிப் பார்த்தார்கள். போட்டோவில் இருந்தது யார்? சொல்லமாட்டேன். கொக்கி போடுகிறவள் முடிவைச் சொல்வதா?

உமாவைத்தான் பிடிக்க முடியவில்லை. இடைவேளையில் பள்ளி மைதானத்து ஓரம், சில்வர் ஓக் மரத்தடியில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். வந்த நாளிலிருந்து யாரோடும் பேச்சில்லை, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள் என்றார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடுகிற ரயிலில் ஒரு பெட்டி மட்டும் காணாமல் போகும், ஊக்கு மாட்டிய அந்த நாவலின் கதையை ஆரம்பித்தேன். அவள் கேட்டாளா என்றே தெரியவில்லை. மறுநாள் விட்ட இடத்திலிருந்து சொன்னேன். அதே தரை, அதே மௌனம். மருந்துக்கடைக்காரர் வேண்டாம் என்றபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. இவள் கேட்கவில்லை என்றால் அந்த அம்மாவிடம் நான் என்ன பதில் அனுப்புவேன்? மணி அடித்தது. ரயில் குகைக்குள் நுழைந்துவிட்டது, உள்ளே விளக்குகள் அணைந்துவிட்டன என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து நடந்தேன்.

பின்னாலிருந்து, ரொம்பச் சின்னக் குரலில் வந்தது. "அப்பறம்?"

அந்த மலைக்கு வந்து உமா பேசிய முதல் வார்த்தை அது. எனக்கு வந்த சந்தோஷத்தில் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. சாயங்காலம் இருவரும் ஊக்கை எடுத்தோம், தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தோம். அவள் என்னைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டு, நான் பக்கம் திருப்பக் காத்திருந்தாள். "மெதுவாப் படிக்கிறீங்கக்கா" என்று குறையும் சொன்னாள்! அதற்குப் பிறகு வாராவாரம் அடிவாரத்திலிருந்து ஊக்கு மாட்டிய புத்தகம் ஏறி வந்துகொண்டிருந்தது. உமா சோறும் சாப்பிட்டாள், ஸ்டெல்லாவிடம் துப்பாக்கிச் சத்தமும் கற்றுக்கொண்டாள்.

இப்போது மணியண்ணன் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பஸ் வருகிறது, கூரையில் கட்டு வருவதில்லை. ஸ்டெல்லா மகனோடு திருச்சியில் இருக்கிறாள். உமாவின் அம்மா காலமாகிவிட்டார், அவரை நினைத்தால் எனக்கு இன்னும் அந்தக் கல்லில் உட்கார்ந்து அழ வேண்டும் போலிருக்கிறது. யாரைப் பார்த்தாலும் போனில் கதையைப் பற்றிப் பேசுகிறார்கள், முதல் வரியிலேயே முடிவைப் போட்டு உடைத்துவிடுகிறார்கள். அட, ஒரு பின்னாவது போடக்கூடாதா?

போன வாரம் உமா கூரியரில் ஒரு புது நாவல் அனுப்பினாள். பிரித்தேன். கடைசிப் பக்கங்களில் ஊக்கு. அவள் அம்மாவுடைய அதே பழைய ஊக்கு, கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. போனில் கூப்பிட்டேன். "ஆள் புடிக்காம எடுக்கக்கூடாது, தெரியுமில்லக்கா?" என்றாள். தெரியும், எனக்கா தெரியாது! ஊக்கு வரைக்கும் படித்துவிட்டு, நான்கு நாளாகச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகையால், கேளுங்கள். மலையிலிருந்து இறங்குகிற கடைசி பஸ். ஆளெல்லாம் இறங்கிவிட்டார்கள். பின் சீட்டில் ஒரு குடை மட்டும் கிடக்கிறது. கண்டக்டர் எடுத்துப் பார்க்கிறார். வெளியே பத்து நாளாக மழையே இல்லை, ஆனால் குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கைப்பிடியில் ஒரு பெயர் செதுக்கியிருக்கிறது, அது அவருடைய பெயர். அவர் மெதுவாகக் குடையை விரிக்கிறார். உள்ளே...

நான் வாயை மூடிக்கொண்டேன். இனி நீங்கள்தான் கேட்க வேண்டும்.