பின்கதவில் ஒரு கை

என் அக்காவுக்கு எங்கள் பட்டறைப் பக்கம் 'உப்புத்தாள்' என்று பெயர். உப்புத்தாளைப் பிடித்து வண்டித் துருவைத் தேய்ப்பது அவள் வேலை. ஆனால் அதனால் மட்டும் வந்த பெயரல்ல, வாயும் அப்படித்தான். இருபத்தாறு வருடம் தேய்த்ததில் அவள் விரல்களில் ரேகையே கிடையாது. ஒருமுறை ஏதோ அட்டை எடுக்க அலுவலகம் போனோம். ரேகைக் கருவி அவள் கையை ஏற்கவே இல்லை. அழுத்தி வைக்கும்படி அங்கிருந்தவர் நாலு தடவை சொல்லிவிட்டார். "கையோடதான் சார் வந்திருக்கேன். வேணும்னா காலை வைக்கவா?" என்று கேட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் தேய்ப்பாள், நான் பெயிண்ட் அடிப்பேன். பட்டறை எங்கள் இருவருடையது, வேறு ஆள் கிடையாது. எனக்கு எதிலும் அவசரம், அவளுக்கு எதிலும் நிதானம். சண்டை இல்லாத நாளே இல்லை. அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: துரு போய்த் தகடு பளபளவென்று தெரிந்த பிறகு அதன்மேல் யாரும் வெறுங்கை வைக்கக் கூடாது. வியர்வை பட்ட இடம் மறுநாளே துருப்பிடிக்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் உள்ளுக்குள்ளேயே அரிக்கும்.

அந்த வேன் ஒரு திங்கட்கிழமை வந்தது. அதைப் பழைய வண்டியாக வாங்கியவர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை முதல் ஓட்டம். பெரிய துரு எதுவும் இல்லை. சக்கரத்துக்கு மேலே இரண்டு பொட்டு, பின்கதவின் உள்பக்கம் உச்சியில் ஒரு திட்டு. எல்லாமே மேலோட்டம்தான், தகட்டைத் தின்னவில்லை. வியாழன் காலை பதினொரு மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்கா சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். சுற்றிலும் காகிதம் ஒட்டி, முதலில் முரட்டுத் தாள், பிறகு மெல்லிய தாள் என்று தேய்த்து, பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தாள். நான் முதல் பூச்சான பிரைமரை அடிக்கப் போனால், காற்றடிக்கும் கம்ப்ரசர் மூச்சை நிறுத்திவிட்டது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனோம்.

செவ்வாய்க்கிழமை காலை பின்கதவைத் திறந்தால், அக்கா தேய்த்த இடத்தில் ஒரு கை இருந்தது. பழுப்புத் துருவில் ஐந்து விரலும் விரிந்த சின்னக் கை.

"ஏன்டா கை வச்ச?" என்று அக்கா என்மேல் பாய்ந்தாள்.

"நல்லா பாத்துட்டுக் கத்து. என் கை இவ்வளவுதானா இருக்கு?"

என் கையைப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். அந்தக் கை பாதிகூட இல்லை. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. ரேகைகள் ஒன்று விடாமல் பதிந்திருந்தன. பட்டறைச் சாவியோ ராத்திரி முழுக்க அக்காவின் இடுப்பில் இருந்தது. அவள் அந்த ரேகைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுபடி தேய்த்து, துருவைக் கொல்லும் திரவம் தடவி, கம்ப்ரசரையும் சரிசெய்து அன்றே பிரைமரும் அடித்துவிட்டோம். புதன்கிழமை காலை சாம்பல் நிறப் பிரைமரின் மேல் அதே கை. இந்த முறை நாலு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. பிரைமரைத் தாண்டி ஒரே ராத்திரியில் துரு வராது. இந்தத் தொழிலில் இருக்கும் எவனுக்கும் தெரியும். அப்படியும் "காத்துல ஈரம் ஜாஸ்திக்கா" என்று சப்பைக்கட்டுக் கட்டினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் தேய்த்தாள். மத்தியானம் வெள்ளை பெயிண்டே அடித்து முடித்தேன்.

வியாழக்கிழமை காலை, நான் அடித்த வெள்ளையின் மேல் கை. விரல் நுனிகள் உள்கைப்பிடியைத் தொடப்போகும் தூரத்தில் இருந்தன.

"எறங்கி வருதுடா" என்றாள் அக்கா, மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கையைவிட அந்தக் குரல்தான் என்னைப் பயமுறுத்தியது.

"இன்னொரு கோட் அடிச்சு மூடிடலாம்க்கா. பதினொரு மணிக்கு வந்து நிப்பாரு. உள்பக்கம்தானே, யார் பாக்கப் போறா?"

"பிள்ளைங்க பாக்கும்" என்றாள். வேனுக்குள் ஏறி உட்கார்ந்தாள். "வெளியிலேருந்து கதவை மூடு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"மூடுடா!"

மூடினேன். உள்ளே கைப்பிடி கடகடத்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, பத்துத் தடவை. பிறகு உள்ளங்கையால் தட்டும் சத்தம். பிறகு என்னைக் கூப்பிடும் குரல், எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. பதறிப்போய் வெளிக் கைப்பிடியை இழுத்துத் திறந்தேன். அக்கா வேர்வையில் நனைந்திருந்தாள்.

"உள்ளேருந்து தொறக்கலடா" என்றாள்.

மூன்று நாள் அந்தக் கதவோடு மாரடித்திருக்கிறோம், ஒரு தடவை உள்ளிருந்து திறந்து பார்க்கவில்லை. முன்கதவு நசுங்கினால் பிள்ளைகளுக்கு இருப்பது இந்த ஒரு வழிதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கதவின் உள்மூடியைக் கழற்றினேன். கைப்பிடியையும் பூட்டையும் இணைக்கும் கம்பி எப்போதோ கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. புதுக் கொக்கி போட்டு மாட்டினேன். ஆளுக்குப் பத்துத் தடவை உள்ளிருந்து திறந்து பார்த்தோம். அந்தக் கையைத் தேய்க்க நேரம் இருக்கவில்லை.

சரியாகப் பதினொரு மணிக்கு வேன்காரர் வந்தார். கூடவே ஏழு வயது மகள். அவள் எங்கள் பட்டறைக்கு வருவது அதுதான் முதல் தடவை. நான் அவரிடம் கம்பி கழன்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவள் ஓடிப்போய் வேனின் கடைசி சீட்டில் ஏறிப் பின்கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

"அப்பா, தினமும் இதுதான் என் எடம்!" என்று உள்ளிருந்து கத்தினாள்.

அப்புறம் அந்தத் துருவைப் பார்த்தாள். விளையாட்டாகத் தன் கையை அதன்மேல் வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது, வளைந்த சுண்டுவிரல் உட்பட. அக்கா என் தோளைப் பிடித்தாள். குழந்தை மற்றொரு கையால் கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்தது. சிரித்துக்கொண்டே கீழே குதித்தாள்.

கதவைப் பார்த்தேன். நான் அடித்த வெள்ளை மட்டும் இருந்தது. துரு குழந்தையின் உள்ளங்கையில் இருந்தது.

அக்கா அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டாள். மூன்று தடவை சோப்புப் போட்டும் தண்ணீர் சிவப்பாகவே ஓடியது.

"ஏன் ஆன்ட்டி அழுறீங்க?"

"தின்னர் நெடிடா கண்ணு" என்றாள் அக்கா. நாலாம் தடவைதான் தண்ணீர் தெளிந்தது.

அந்த மழைக்காலத்தில் வேன் ஒரு வாய்க்காலில் சாய்ந்தது. முன்கதவு சேற்றில் புதைந்துகொண்டது. பின்கதவை உள்ளிருந்து திறந்து, வண்டியிலிருந்த பதினோரு பிள்ளைகளுக்கும் வழிவிட்டது கடைசி சீட்டுக்காரிதான். வேன்காரர் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்கா ரேகையில்லாத தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தேய்க்கப் போய்விட்டாள்.

இப்போது எந்த வண்டி வந்தாலும் முதலில் அவள் உள்ளே ஏறி உட்காருகிறாள். "மூடுடா" என்கிறாள். நான் மறுபேச்சுப் பேசாமல் மூடிவிட்டு, அவளே திறந்துகொண்டு வரும்வரை அங்கேயே நிற்கிறேன்.