கரடியூர் என்று கூப்பிட்டவர்

ஏற்காடு மலை ஆஸ்பத்திரியின் வயர்லெஸ் பெட்டியில் படிந்த பனியீரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு ஆபரேட்டர் இன்பமேரி கூப்பிடுகிறார். "சேலம், சேலம்... ஏற்காடு பேசறனுங்க." பேசும்போது கண்கள் மூடியிருக்கும். "தொறந்தா செவுருதானுங்க தெரியுது. மூடுனா அந்த ஆளே எதுக்க நிக்கற மாதிரி இருக்குதுங்க" என்கிறார்.

மலை ஆஸ்பத்திரியும் கீழே உள்ள ஆஸ்பத்திரிகளும் நோயாளி வேனும் ஒரே அலையில் பேசிக்கொள்ள, இரண்டு வருஷத்துக்கு முன் அரசாங்கம் பணம் ஒதுக்கி வாங்கித் தந்த பெட்டி அது. அவசரத்துக்கு மட்டும் என்பது உத்தரவு. ஆனாலும் கீழே அனுப்பிய நோயாளி என்ன ஆனார் என்று இன்பமேரி தினமும் விசாரிப்பார். ஒருமுறை மேலதிகாரி கண்டித்தபோது இன்பமேரி தணிந்த குரலில் கேட்டாராம்: "ஊட்டுக்காரன் எங்க கெடக்கறான்னு தெரியாம ஒருத்தி நிக்கறது அவசரமில்லீங்களா?"

போன மழைக்காலத்தில், குப்பனூர்ப் பாதையோரம் முள் வெட்டிக்கொண்டிருந்த பொன்னுவேல் என்பவரைப் பாம்பு கடித்தது. அவ்வழியே வந்த லாரிக்காரர் ஒருவர் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சேலத்துக்கு இறங்கிவிட்டார். எங்கே சேர்த்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. மனைவி ஆராயி அவர்கள் மலைக்கிராமமான கரடியூரிலிருந்து நடந்தே வந்து வயர்லெஸ் அறை வாசலில் நின்றார். இன்பமேரி எல்லா ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பார்த்தார். அந்தப் பேரில் ஆளே இல்லை என்றார்கள். ஒண்டிக்கடை முக்கில் பொன்னுவேல் செத்துப்போனதாகவே பேச்சு. அழுது முடிக்கலாம் வா என்று உறவுக்காரர்கள் அழைத்தும் ஆராயி நகரவில்லை.

மறுநாள் மூடுபனியில் மரங்கள்கூடத் தெரியவில்லை. முகமே பார்த்திராத சேலத்து ஆபரேட்டர் அங்கப்பனை இன்பமேரி கூப்பிட்டார்.

"ஏனுங்கண்ணா, பேரு வேண்டாமுங்க. வார்டு வார்டாப் போயி கரடியூருன்னு மட்டும் சொல்லிப் பாருங்க. அங்கத்த ஆளா இருந்தா அசைவாருங்க."

அங்கப்பன் நடந்தார். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பலனில்லை என்றதும், மற்ற ஆஸ்பத்திரி ஆபரேட்டர்களையும் அப்படியே சொல்லிப் பார்க்கச் சொன்னார். சாயங்காலம் பதில் வந்தது. விஷத்தில் நாக்கு எழாமல், இமை தூக்க முடியாமல், பேர் தெரியாதவராகக் கிடந்த ஒருவரின் கை அந்த ஊர்ப்பேருக்கு மெல்ல உயர்ந்ததாம்.

மறுநாள் விடியலில் பேச்சு திரும்பியதும் பொன்னுவேலை அங்கே பெட்டி முன் உட்கார வைத்தார்கள். கரகரப்பினூடே அவர் குரல் மலையேறி வந்தது.

"ஆராயி... கன்னுக்குட்டியப் புடிச்சுக் கட்டுனயா?"

இன்பமேரி மைக்கை ஆராயியின் வாயருகே நீட்டிப் பொத்தானை அழுத்தினார். ஆராயியின் உதடு அசைந்தது. மூச்சு மட்டும் ஏறியிறங்கி, அலைவழியே சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து இருவரையும் சூழ்ந்தது.

விரல்நுனி வெளுத்துப்போன பிறகும் இன்பமேரி பொத்தானை விடவில்லை.