நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விளக்கம்

ஓசூரில் மின்கருவி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் பிரிவில் பதினோராண்டுகளாக வேலை பார்க்கிறேன். தமிழ் இலக்கியம் படித்தவள் என்பதால், எழுதத் தெரியாத தொழிலாளர்களுக்கு விளக்கக் கடிதம் எழுதித் தரும் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது. தவறு செய்தவருக்கு மேலாளர் குறிப்பாணை கொடுப்பார். மெமோ என்றால்தான் எவருக்கும் விளங்கும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். உடல்நலமில்லை, கவனக்குறைவாக நடந்துவிட்டது, இனி நிகழாது என்று எழுதிக் கையொப்பமிட்டால் கோப்பு மூடப்படும். அது பொய்யென்று எழுதுபவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். அந்த வழக்கம் எனக்கு எப்போதும் கசந்தது.

சென்ற மார்கழியில் ஒருநாள் விடியற்காலை, மூக்கண்டப்பள்ளி விடுதிப் பெண்களை முதல் ஷிப்டுக்கு ஏற்றிச் சென்ற நிறுவனப் பேருந்தில் நானும் இருந்தேன். சானமாவு காட்டருகே யானைக்கூட்டம் சாலையைக் கடப்பதாக வனத்துறையினர் வண்டிகளை நிறுத்தியிருந்தனர். அந்தப் பருவத்தில் எங்களுக்கு யானை என்றால் தாமதம், அவ்வளவே. ஒருத்தி சன்னலுக்கு வெளியே கைப்பேசியை நீட்டிப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தைக் காட்டுக்குள் திருப்ப வெடி போட்டார்கள்.

அடுத்த வெடி வெடிக்குமுன், எனக்கு முன்னிருக்கையில் இருந்த வடநாட்டுப் பெண் பக்கத்திலிருந்த ஊத்தங்கரைக்காரியின் பிடரியைப் பற்றித் தரையோடு அழுத்தி, அவள்மேல் தான் கவிழ்ந்துகொண்டு, எங்கள் அனைவரையும் படுக்கச் சொல்லித் தன் மொழியில் கத்தினாள். அந்தக் குரலில் அச்சத்தைவிடக் கட்டளையே மிகுந்திருந்தது. ஊத்தங்கரைக்காரியின் முன்பல் இருக்கைக் கம்பியில் மோதி உடைந்தது.

“வுடுடி, பைத்தியமே! ஆனைக்கு வெடி போட்டா என் பல்லு எதுக்குடி போவணும்?”

பேருந்தே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் எழவில்லை.

சக தொழிலாளியைத் தாக்கியதாக மறுநாள் அவளுக்குக் குறிப்பாணை வந்தது. உணவு இடைவேளையில் அதை என்னிடம் கொண்டுவந்தாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். இங்கே வேலை செய்துகொண்டே கற்ற தமிழில், தட்டைப் பார்த்தபடி சொன்னாள். அவளுடைய ஊர் வடக்கே ஒரு காட்டு மாவட்டத்தில் இருக்கிறது. துப்பாக்கிக் குழுவினர் வீட்டுக்கொரு பிள்ளை கேட்டார்கள். யாரும் கொடுக்கவில்லை. பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து திரும்பும் பாதையில் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் அரிசி மூட்டை சுமந்தாள், பிறகு துப்பாக்கி.

“நான் போகல அக்கா. பிடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. அழுதா சோறு இல்ல. ஓடினா அப்பாவ அடிக்கும்.”

“சுட்டாயா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“சுடச் சொல்லுச்சு. சுட்டேன்.”

நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஒரு மோதலில் காயம்பட்டுப் பின்தங்கியவள், இரண்டு நாள் நடந்து ஒரு சிற்றூரை அடைந்தாள். காவலர் விசாரித்தனர், கடத்தப்பட்ட குழந்தை என்று முடிவாகி விடுவிக்கப்பட்டாள். ஊர் திரும்ப அஞ்சி, ஆள்சேர்க்கும் தரகரோடு ஓசூருக்கு வந்தாள்.

“காய்ச்சல்னு எழுது அக்கா, போதும்” என்றாள். நான் கேட்கவில்லை. உண்மையை முறையாக எடுத்துச் சொன்னால் படிப்பவர் இரங்குவார் என்று நம்பினேன். இத்தனை ஆண்டு பொய்க்கடிதம் எழுதிய அருவருப்பும் சேர்ந்துகொண்டது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவளால் படிக்க முடியாத அந்தத் தாளில் என்னை நம்பிக் கையெழுத்திட்டாள். வாக்கியங்கள் நன்றாக அமைந்தன என்று நான் மகிழ்ந்ததை இப்போது நினைத்தால் உடல் கூசுகிறது.

மேலாளர் இரண்டு முறை படித்தார். “ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க மேடம். ஆனா இனிமே இந்தப் பொண்ணு கேட்டுக்குள்ள வரக்கூடாது. அடுத்த வாரம் கஸ்டமர் ஆடிட், கம்பெனியையே சோதிச்சுப் பார்க்க வர்றாங்க.”

“சின்னப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க சார். போலீசே விட்டுட்டாங்க.”

“புரியுது. துப்பாக்கி புடிச்சாளா இல்லையா? அப்பவே ஏன் ஓடி வரல?” என்று கேட்டுவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார்.

பள்ளிச் சீருடையில் வந்த குழந்தையை மறித்துக் கையில் துப்பாக்கியைத் திணித்தவர்களிடம் எவரும் விளக்கம் கேட்கவில்லை. ஏழைகளுக்காகப் போராடுவதாகச் சொல்லிக்கொண்டு ஏழையின் மகளையே திருடியவர்கள் அவர்கள். அவளிடம் மட்டும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கேட்டோம். ஓடினால் தந்தை அடிபடுவார் என்று அந்தக் கடிதத்திலேயே இருந்தது. அதை இரண்டு முறை படித்தவர்தான் ஏன் ஓடி வரவில்லை என்று கேட்டார். பேருந்தில் அவள் தன் உடலால் ஒருத்தியை மூடிக்கொண்டாள் என்ற வரி அவர் கண்ணில் படவே இல்லை.

மாலைக்குள் செய்தி விடுதிக்குப் போய்விட்டது. நான் அங்கே போனபோது அவளுடைய பெட்டியும் போர்வையும் வாசலில் கிடந்தன. சுற்றி நின்ற பெண்களுள் எவரும் அவற்றைத் தொடவில்லை. ஊத்தங்கரைக்காரிதான் வந்து பெட்டியைத் தூக்கினாள்.

விடுதிக் காப்பாளர் தடுத்தார். “உன்னையே அடிச்சவம்மா அவ.”

“பல்லு என்னுது. எனக்கே கோவமில்ல, உங்களுக்கு என்னாத்துக்கு? நடடி, வெளிய ஒரு வூடு பாத்து ஒண்ணா இருக்கலாம்.”

என்னைத் திரும்பிப் பார்த்தவள், “நீங்களும் இப்டி எழுதித் தொலைச்சிட்டீங்களே, மேடம்” என்றாள்.

இப்போது அந்தப் பெண் பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிறாள். அங்கே பழைய கதை எவருக்கும் தெரியாது. தொழிலாளர் அலுவலருக்கு அனுப்ப ஒரு முறையீடு எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் ஊத்தங்கரைக்காரியும் சேர்ந்து இருக்கும் ஒற்றையறை வீட்டுக்குப் போனேன். இம்முறை ஒவ்வொரு வரியையும் எளிய தமிழில் அவளுக்குச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “கையெழுத்துப் போட மாட்டேன் அக்கா” என்றாள்.

தாளை அவள் எதிரிலேயே கிழித்தேன். பெயரில்லாமல், ஊரில்லாமல், நடந்ததை மட்டும் வேறெங்காவது எழுதலாமா என்று கேட்டேன். சரியென்று தலையசைத்தாள். பிறகு, மாவட்டத்தின் பெயரும் மாநிலத்தின் பெயரும் கூட வேண்டாம் என்றாள். அந்த ஊரில் அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். இந்த ஆண்டு பதின்மூன்று வயது ஆகிறது.