பெட்டி வைத்த வீடு

என் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் தலையாட்டிவிட்டு, "சம்பளம் ஒழுங்கா வருதா?" என்று கேட்பார்கள். போனில் ஓர் இணைய முகவரியைத் தட்டினால், அதை யாரிடம் போய் விசாரிக்க வேண்டும் என்று வழி சொல்ல, எல்லாவற்றுக்கும் மேலே சில சர்வர்கள் இருக்கின்றன. ரூட் சர்வர்கள். அவற்றின் நகல்கள் பல நாடுகளில் உண்டு. புது நகலை எந்த ஊரில் வைத்தால் பதில் சீக்கிரம் கிடைக்கும் என்று அளந்து சொல்வது என் வேலை. அம்மா இறந்த பிறகு, எங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கைப் பேச ஆளில்லாமல் போன பாளையம்பட்டி வீட்டில், அருப்புக்கோட்டைப் பக்கம், உட்கார்ந்து இதைச் செய்கிறேன். மீட்டிங் முடிந்து திரை அணைந்தால் அன்றைய பேச்சும் முடிந்தது.

மதுரையில் ஒரு நகல் வைக்கலாமா என்று ஆபீசில் கேட்டார்கள். எனக்கு ஆசைதான். ஆனால் வரைபடத்தைப் பார்த்து இடம் சொல்பவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். பந்தல்குடிக்காரர் திருச்சுழிக்குப் போக அருப்புக்கோட்டை வந்து பஸ் மாறுவதுபோல, நம் கேள்வியும் இன்டர்நெட் கம்பெனிகளின் லைன்கள் ஒன்று சேரும் ஊருக்குப் போய்த்தான் திரும்பும். அது எந்த ஊர் என்று தெரிய, வீடுகளில் இன்டர்நெட் லைனோடு ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும். சோப்பு டப்பா அளவுதான். சில நிமிடத்துக்கு ஒரு முறை ரூட் சர்வரைக் கேட்டு, பதில் வர எவ்வளவு நேரமானது என்று எனக்கு அனுப்பும்.

ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஒட்டுக் கேட்கும் என்றார்கள், கரண்டு பில்லு ஏறும் என்றார்கள். கடைசியில் திருச்சுழிப் பக்கம் ஒரு வீட்டில்தான் உள்ளே கூப்பிட்டார்கள். புருஷன் சவுதியில். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்.

"இத வச்சா அவுக நெட்ல பேசுற போன் பாதியில கட்டாகாதாண்ணே?" என்று மருமகள் கேட்டாள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்குப் பெட்டி வைக்க வீடு வேண்டியிருந்தது. "பாப்போம்மா" என்றேன். அந்தச் சொல்லுக்காக இன்றும் என்னை நொந்துகொள்கிறேன்.

மூன்று மாதத்தில் விஷயம் தெளிவாகிவிட்டது. எங்கள் பக்கத்துக் கேள்விகள் எல்லாம் சென்னைக்கு ஓடின. சில கடல் தாண்டியும் போய் வந்தன. மதுரையில் லைன்களைச் சேர்க்காமல் அங்கே நகல் வைத்தால், மதுரைக்காரன் கேள்விகூடச் சென்னை போய்த்தான் மதுரைக்குத் திரும்பும். சென்னையில் இன்னொன்று வையுங்கள் என்று மனசில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியை எடுக்கப் போனேன்.

மாமியார் மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாப்பா. எம்மகன் ரெண்டு மாசமாப் பேசல. லைன்ல கோளாறுன்னு மருமக சொல்லுது. சரி பண்ணிட்டியா?"

அந்த வீட்டுப் பெட்டி அனுப்பிய கணக்கு எனக்கு அத்துப்படி. கரண்டு போன நேரம் தவிர லைன் அறுந்ததே இல்லை. நல்லாத்தானே இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். மருமகள் ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"அண்ணே, லைன்ல கோளாறுதானே?"

அவள் முகத்தைப் பார்த்தேன். "ஆமாம்மா. கோளாறுதான்" என்றேன்.

வாசல் வரை வந்தாள். பொய் சொன்ன உறுத்தலில், "லைன் நல்லாருக்கும்மா" என்று மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும்ணே. பக்கத்து வீட்லயும் இதே லைனுதான். அங்க தெனமும் பேசுறாக." அழவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "பெட்டி இங்கனயே இருக்கட்டும்ணே. நீங்க எடுத்துட்டுப் போனா, சரியாயிருச்சுன்னு மாமி நெனச்சுக்கும். அப்புறமும் போன் வரலன்னா நான் என்ன சொல்ல?"

வெறுங்கையோடு பஸ் ஏறினேன். பெட்டி தொலைந்துவிட்டது என்று ஆபீசுக்கு எழுதினேன். ஆனால் அந்த வீட்டுப் பெட்டியின் கணக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். லைன் ஒரு நாளாவது அறுந்திருக்காதா என்று தேடுகிறேன்.