டவாலிக்குப் புதுத் தாடை

கோர்ட்டு வராந்தாவில் நின்று பேர் கூப்பிடுகிற வேலைக்குச் சட்டம் தெரிய வேண்டியதில்லை. தாடை ஒழுங்காக இருந்தால் போதும்.

நான் மதுரையில், தல்லாகுளம் பக்கம் ஒரு சிவில் கோர்ட்டில் டவாலி. வெள்ளைச் சீருடை, குறுக்கே சிவப்புப் பட்டை, கையில் அன்றைய வழக்குப் பட்டியல். உள்ளே பெஞ்ச் கிளார்க் வழக்கு எண்ணைச் சொன்னதும் நான் வாசலுக்கு வந்து கட்சிக்காரர் பேரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். பதிமூன்று வருடமாக இதுதான் வேலை. அப்படிப்பட்டவன் முப்பத்தாறு வயதில் பல்லுக்குக் கிளிப்பு போட்டு, பிறகு தாடை எலும்பை அறுத்து நகர்த்தி வைத்துக்கொண்டு, திரும்ப அதே வாசலில் வந்து நின்ற கதை இது. வயதான பிறகு கிளிப்பு போட்டவர்களே, மிக்சியில் அடித்த இட்லியைக் குடித்தவர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு உற்சாகம் வந்து பேச்சு ஓடிவிடும்.

மகளைக் கூட்டிக்கொண்டு போனது

என் மகள் கயலுக்குப் பன்னிரண்டு வயது. முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருக்கிறது என்று அவளே கண்ணாடியில் கண்டுபிடித்து, வீட்டில் ஒரு வாரம் சண்டை போட்டாள். சரி என்று காளவாசலில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். கயலை நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே என்னிடம் அவள் என்ன சாப்பிடுவாள், எத்தனை தடவை பல் விளக்குவாள் என்று கேட்டார். நான் பதில் சொல்லச் சொல்ல அவருடைய பார்வை கயல் வாயிலிருந்து என் வாய்க்கு வந்துவிட்டது.

எனக்குக் கீழ்த்தாடை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்கு வெளியே நிற்கும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். முன்பல்லால் எதையும் கடித்தது கிடையாது. முறுக்கோ கொய்யாவோ, கடைவாய்க்குக் கொண்டுபோய்த்தான் உடைப்பேன். சாயங்காலம் ஆனால் காதுக்குக் கீழே வலிக்கும். நாள் முழுக்கக் கத்துகிறோம், வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். டாக்டர் கையுறையை மாற்றிக்கொண்டே சொன்னார்: "பாப்பாவுக்கு ஒண்ணும் அவசரமில்ல சார். அவளை இறக்கிவிட்டுட்டு நீங்க ஏறி உக்காருங்க."

வேலி

அவர் சொன்னது இதுதான். ஒரு வருடம் கிளிப்பு போட்டுப் பல்லை அதனதன் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் ஆஸ்பத்திரியில் தாடை ஆபரேஷன். அதற்குப் பிறகும் சில மாதம் கிளிப்பு. வலி நிற்கும், கடிக்கலாம், மெல்லலாம். எனக்குக் கடிக்கலாம் என்ற வார்த்தை மட்டும் காதிலேயே நின்றுவிட்டது. அடுத்த வாரமே போட்டுக்கொண்டேன்.

கிளிப்போடு முதல் நாள் கோர்ட்டுக்குப் போனபோது, கன்னத்தின் உள்பக்கம் கம்பி உரசாமல் இருக்க மெழுகு ஒட்டியிருந்தேன். பேர் கூப்பிட வாயைத் திறந்ததும் காலை வெயில் நேராகப் பல்லில் விழுந்தது. வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு வழக்கு, இரண்டு பங்காளிகளுக்குள் ஒரு காலிமனைத் தகராறு. அதில் ஒருவர் என் பக்கத்தில் வந்து, வாயை உற்றுப் பார்த்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "வேலி நல்லாத்தான் போட்டிருக்கீக. பட்டா உங்க பேர்லதான இருக்கு?"

வாய்க்கு வாய்தா

ஆபரேஷனுக்கு முன்னால் கிளிப்பு செய்கிற ஒரு வேலை உண்டு. இதை அனுபவித்தவர்கள் மட்டும் நம்புவார்கள். இத்தனை வருடம் முன்னும் பின்னும் சாய்ந்து ஒன்றையொன்று சமாளித்துக்கொண்டிருந்த பற்களைக் கம்பி நேராக நிமிர்த்திவிடும். அதனால் தாடை முன்பைவிட இன்னும் வெளியே தெரியும். பத்தாவது மாதம் என் பக்கவாட்டு முகத்தைப் பார்த்து என் மனைவி சுமதி பயந்துபோனாள். "சரியாகுறதுக்குப் போட்டதா, கெட்டுப்போறதுக்குப் போட்டதா?" என்று டாக்டரிடமே கேட்டுவிட்டாள். அவர் சிரித்துவிட்டு, இப்போதுதான் ஆபரேஷனுக்குத் தயார் என்றார்.

ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் ஒளிக்கவில்லை. எலும்பை அறுத்து, நகர்த்தி, சின்னத் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துவோம். கீழுதடு கொஞ்ச காலம் மரத்துப் போயிருக்கும். ஒரு சிலருக்குக் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாக நின்றுவிடுவதும் உண்டு என்றார். சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேர் கூப்பிடுகிறவன் உதடு மரத்துப்போனால் என்ன ஆவான்? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பேர் கூப்பிடும்போது தாடை 'டக்'கென்று பிடித்துக்கொண்டது. கையால் தட்டி விடுவித்தேன். அன்று மத்தியானமே ஒன்றரை மாத மெடிக்கல் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஹெட் கிளார்க் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "ஊருக்கெல்லாம் வாய்தா வாங்கிக் குடுத்த கோர்ட்டுல இருந்துக்கிட்டு, கடைசியில உன் வாய்க்கே வாய்தா கேக்குறியேப்பா."

சிஸ்டர் பிடித்த செல்போன்

கண் விழித்தபோது முகம் என் முகமாக இல்லை. காது முதல் கழுத்து வரை ஒரே வீக்கம். மேல் கிளிப்பையும் கீழ் கிளிப்பையும் இறுக்கமான ரப்பர் பேண்டுகள் இழுத்துக் கட்டியிருந்தன. வாய் திறக்கவில்லை. பேச்சு இல்லை. மூக்கில் குழாய். பக்கத்தில் சுமதி ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வலிக்கிறது என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல. நான் எழுதியது: "பல் எப்படி இருக்கு?"

அவளுக்குப் பார்க்கவே பயம். வார்டில் இருந்த சிஸ்டர் தன் செல்போன் கேமராவைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்து, வீங்கிய உதட்டை விரலால் மெதுவாக விலக்கினார். பூசணிக்காய் மாதிரி முகம், சுற்றிலும் காய்ந்த ரத்தம். அதற்கு நடுவில், மேல்பல் வரிசை முன்னால், கீழ்வரிசை அதற்குப் பின்னால், பாந்தமாக. எல்லோருக்கும் இருக்கிற மாதிரி. இத்தனை வருடத்தில் அதை என் வாயில் நான் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. சிஸ்டர் செல்போனைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "அழாதீங்க சார். மூக்கு அடைச்சுக்கிட்டா மூச்சு விட உங்களுக்கு இப்போதைக்கு வேற வழி இல்ல."

சால்னா

ஒன்றரை மாதம் எல்லாமே தண்ணீர். கேப்பைக் கூழ், பருப்புத் தண்ணீர், எலும்பு சூப், பழச்சாறு. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விட வேண்டும். சுமதி ஒருநாள் தோசையையும் சாம்பாரையும் சேர்த்து மிக்சியில் அடித்து வடிகட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் அது தோசைதான். கண்ணைத் திறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எட்டுக் கிலோ இறங்கினேன். கயல் நோட்டில் தேதி போட்டு, தினமும் என் முகத்தைப் பக்கவாட்டில் படம் எடுத்தாள். வீக்கம் வடிய வடிய உள்ளேயிருந்து ஒரு புது ஆள் வெளியே வந்துகொண்டிருந்தான். விடிந்ததும் முதல் வேலையாக ஓடிப் போய்க் கண்ணாடி பார்ப்பேன். கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் அம்புட்டுக் கண்ணாடி பார்த்ததில்லை.

நாலாவது வாரம் முருகேசன் பார்க்க வந்தான். பக்கத்துக் கோர்ட்டு டவாலி. அவனும் நானும் சனிக்கிழமை தவறாமல் பரோட்டாக் கடைக்குப் போகிறவர்கள். கையில் ஒரு பிளாஸ்க். மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் சால்னா வாசம். சுமதி முறைத்தாள். காரத்தைக் குறைக்கச் சொல்லி, டீ வடிகட்டியில் இரண்டு தடவை வடிகட்டி வாங்கி வந்திருக்கிறானாம். அவள் இன்னொரு தடவை வடிகட்டி, ஆறவைத்து, சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து நாக்கில் சோம்பும் மிளகும் பட்டபோது உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வென்று ஏறியது. நோட்டை எடுத்து "பரோட்டா எங்கடா?" என்று எழுதிக் காட்டினேன். முருகேசன் படித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னான்: "அது ஆறிப்போயிரும்னு வர்ற வழியில நானே தின்னுட்டேன் மாப்ள."

கேட்டில்

லீவு முடிந்து முதல் நாள். வீக்கம் பெரும்பாலும் வடிந்திருந்தது. ரப்பர் பேண்டைத் தளர்த்திவிட்டார்கள், பேச்சு வந்துவிட்டது. கீழுதடும் நாடியும் மட்டும் மரத்தபடி இருந்தன. சீருடையைச் சுமதி பிடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். கோர்ட்டு கேட்டில் சோதனைக்கு நிற்கும் பெண் போலீஸ் எனக்கு நல்ல பழக்கம், தினமும் வணக்கம் சொல்லிக்கொள்வோம். அன்று என்னைத் தடுத்து அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அட்டையை என் கையில் வைத்துச் சொன்னார்: "ஜாடை அப்படியே இருக்கு தம்பி. அட்டையை அண்ணன்கிட்டயே குடுத்திருங்க, ஆபரேஷன் நல்லா ஆச்சான்னு நான் கேட்டதாச் சொல்லுங்க."

பாண்டியம்மாள்

இது சிரிக்கிற விஷயமாக முடிந்தது. நடக்கும்போது சிரிப்பு வரவில்லை.

நான் திரும்பி வந்த அதே வாரம். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாண்டியம்மாள் என்று ஒரு அம்மா. தன் வயலுக்குப் போகிற பாதையைப் பக்கத்து வயல்காரர் அடைத்துவிட்டார் என்று வழக்கு. அன்று அவர் சாட்சி சொல்ல வேண்டும். அவருடைய வக்கீல் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். பெஞ்ச் கிளார்க் எண்ணைச் சொன்னதும் நான் வாசலுக்கு வந்து கூப்பிட்டேன். உதடு மரத்திருந்தால் ப-வும் ம-வும் வராது, உதடு இரண்டும் ஒட்ட வேண்டுமே. எனக்கு ஒட்டியதா இல்லையா என்பதே தெரியாது. என் காதுக்கு என்னவோ சரியாகத்தான் கேட்டது. மூன்று தடவை கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. உள்ளே போய் "யாரும் இல்லைங்கய்யா" என்றேன். ஜட்ஜ் ஐயா வழக்குக் கட்டை எடுத்துப் புரட்டினார். முந்தின வாய்தாவுக்கும் அந்த அம்மா வரவில்லை. வழக்கைத் தள்ளுபடி செய்ய அவர் பேனாவைத் திறந்ததைப் பார்த்தேன். தள்ளுபடி என்றால் மறுபடி மனுப் போட வேண்டும், மறுபடி அலைய வேண்டும், அதுவரைக்கும் பாதை கிடையாது.

பதிமூன்று வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தேன். "ஐயா, நான் சரியாக் கூப்பிடலையோன்னு தோணுது. என் உதடு இன்னும் சரியாகல. இன்னொரு தடவை கூப்பிட அனுமதி குடுங்க" என்றேன். அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வெளியே வந்து, இரண்டு விரலால் கீழுதட்டைத் தூக்கி மேலுதட்டோடு ஒட்டவைத்து, ஒவ்வொரு எழுத்தாக, "பாண்... டியம்... மா" என்று கூப்பிட்டேன். எனக்கு நேர் எதிரே, ஐந்தடி தள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றார். இவ்வளவு நேரமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். மடித்த பையை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார்: "வாய்க்குள்ள எதையோ அதக்கிக்கிட்டுக் கூப்பிடுறீகளே, முழுங்கிட்டுக் கூப்பிடட்டும்னு உக்காந்திருந்தேன்யா."

ஹெல்மெட்டுக்குள்

அன்றிலிருந்து வண்டியில் போகும்போதெல்லாம் பயிற்சிதான். ஹெல்மெட்டுக்குள் "பாப்பா, அம்மா, மாமா, பம்பரம்" என்று சொல்லிக்கொண்டே போவேன். டாக்டரும் அதைத்தான் செய்யச் சொன்னார். ஒருநாள் காலை உதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. உணர்ச்சி திரும்புகிறது என்று அர்த்தம். சிக்னலில் நின்றபடி குஷியில் இன்னும் சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வண்டிக்காரர் என் தோளைத் தட்டினார்: "அண்ணே, பாப்பாவை வீட்டுல போய்க் கொஞ்சிக்கலாம், பச்சை விழுந்துருச்சு."

பஜ்ஜி

மூன்று மாதம் கழித்து டாக்டர் என் வாயை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவானதாக எதையாவது முன்பல்லால் கடித்துப் பாருங்கள் என்றார். வீட்டுக்குப் போகும் வரை பொறுமை இல்லை. கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றை எடுத்து ஊதி, முன்பல்லுக்கு நடுவில் வைத்து, மெல்ல அழுத்தினேன். பல் இறங்கியது. மேலும் கீழும் சந்தித்தன. துண்டு தனியாக வாய்க்குள் வந்துவிட்டது. கையில் இருந்த மீதியைப் பார்த்தேன். ஓரத்தில் அரைவட்டமாக, பல் பல்லாக, என் கடி. முருகேசனிடம் காட்டினேன். ஹெட் கிளார்க்கிடம் காட்டினேன். டீ குடிக்க வந்த வக்கீல் ஒருவரிடம், அறிமுகமே இல்லாதவர், அவரிடமும் நீட்டிக் காட்டினேன். படம் எடுத்துச் சுமதிக்கு அனுப்பினேன். டீ மாஸ்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே அடுத்த ஈடு பஜ்ஜியை எண்ணெயிலிருந்து அரித்தெடுத்தபடி சொன்னார்: "எல்லாரும் பாத்தாச்சுண்ணே, இனி அதைத் தின்னுங்க."

ஆக, சக கிளிப்புக்காரர்களே, ஒன்றரை வருடம் பல்லைக் கட்டி, எலும்பை அறுத்து, இவ்வளவு பாடும் பட்டது எதற்கென்று கேட்டால், மற்றவர்களெல்லாம் பால்பல் முளைத்த நாளிலிருந்து யோசிக்காமல் செய்கிற ஒரு காரியத்தை நானும் ஒரு நாளாவது யோசிக்காமல் செய்துவிட வேண்டும் என்பதற்குத்தான், ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் இன்னும் யோசித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.