முப்பது ஃபிரேம் தாமதம்

1. ஒரு வரி மெயில்

மூன்று மாதம் உழைத்து அனுப்பிய வேலைக்கு க்ளையண்ட்டிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. "உங்கள் கடல் மக்கள் ரயில் மாதிரி போகிறார்கள்."

எனக்குச் சுருக்கென்றது. நான் பொன்மலைக்காரன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்கு அடிச்சட்டம் பொருத்தியவர். எங்கள் வீட்டில் ரயிலை யாரும் வசைச்சொல்லாகப் பயன்படுத்தியதில்லை.

கேம் அனிமேஷன் படிக்க வருகிற பிள்ளைகள் என்னிடம் சாஃப்ட்வேர் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் செய்த தப்புகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதனால் நானாகவே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஆபீஸ் மாம்பழச் சாலை பக்கம், மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் காவிரி. வெளிநாட்டு கேம் கம்பெனிகளுக்கு உருவங்கள் செய்து கொடுப்போம். நான் அங்கே ரிக்கிங் லீட். வரைந்து கொடுத்த உருவத்துக்குள் எலும்பு வைத்து அதை அசைய வைக்கிற வேலை.

2. நஸ்ரினின் ஜனங்கள்

ஒரு ஃபேன்டஸி கேமுக்காகப் பாம்பு உடம்பு கொண்ட கடல் இனம் ஒன்று வேண்டும் என்று மட்டும்தான் க்ளையண்ட் கேட்டிருந்தார்கள். மிச்சமெல்லாம் நஸ்ரினின் கற்பனை. பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண். எங்கள் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட். அந்த இனத்துக்கு ஆழியர் என்று பெயர் வைத்ததும் அவள்தான். இடுப்புக்கு மேலே மனித முகமும் தோளும், கீழே ஒரு தெரு நீளத்துக்கு உடம்பு. மூழ்கிப்போன ஊர்களின் கோபுரங்களைச் சுற்றிக்கொண்டு தூங்குவார்கள். குட்டிகள் அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நீந்தும்.

"ஏம்மா இவ்வளவு நீளம்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"அவங்க வாயால பேச மாட்டாங்க சார். தலையில ஒரு அலை கிளம்பும். அது வால் நுனிக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் ஒரு சொல் முடியும். குட்டிங்க படபடன்னு பேசிடும். வயசானவங்க ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க மத்தியானம் ஆயிடும்."

"அதுவரைக்கும் கேக்குறவங்க என்ன பண்ணுவாங்க?"

"பக்கத்துலயே சுருண்டு படுத்துக் காத்திருப்பாங்க. கடல்ல அவங்களுக்கு வேற என்ன சார் அவசரம்?"

சிரித்துவிட்டேன். ஆனால் மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் பாலத்தின் மேல் வந்தபோது காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஒரு நீண்ட சுழிப்பு படித்துறைப் பக்கமிருந்து தூண்களை நோக்கி மெல்ல நகர்ந்தது. யாரோ கீழே படுத்துக்கொண்டு பேச ஆரம்பித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தேன்.

அந்த ஜனங்கள் மேல் எனக்கும் ஆசை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

3. நான் சொன்ன பொய்

நான் ஆழியருக்கு அறுபது கணு வைத்து, எல்லாவற்றையும் ஒரே வளைகோட்டில் கோத்திருந்தேன். தலை எந்த வழியில் போகிறதோ அதே வழியில் உடம்பு முழுக்கப் பின்னால் வரும். இம்மி பிசகாது. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. தண்டவாளத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அனிமேட்டர் வரதன் முதல் வாரமே வந்து நின்றான். ஸ்ரீரங்கத்துப் பையன். பெருமாள் புறப்பாட்டுக்குத் தோள் கொடுக்கிற குடும்பம்.

"வால் ரொம்ப சீக்கிரம் வரது சார். தலை திரும்பின உடனே அதுக்கும் தெரிஞ்சு போயிடறது."

"ரிக் கரெக்டா இருக்கு. நீ உன் கீ ஃபிரேமைப் பாரு" என்று, அவன் அசைவு குறிக்கிற கட்டங்களில்தான் தப்பு என்பது போல அனுப்பிவிட்டேன்.

மெயில் வந்த அன்று எங்கள் முதலாளி முரளி சார் உள்ளே கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை வீடியோ கால்ல சரியாக் காட்டலைன்னா இந்த இனத்தையே கேம்லேர்ந்து தூக்கிடுவாங்களாம். எங்கங்க பிரச்சனை?"

"உடம்பு நீளம் ஜாஸ்தி சார். டிசைன்ல பாதியா வெட்டிட்டா சரியாயிடும்."

ரிக்கில் குறை இருக்கலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பழி போக ஒரு இடம் வேண்டியிருந்தது, நஸ்ரின் பக்கம் தள்ளிவிட்டேன்.

அவள் சண்டை போடவில்லை. டீ குடிக்கும்போது மட்டும் கேட்டாள். "பாதியா வெட்டிட்டா அவங்க எப்படி சார் பேசுவாங்க?"

"அதையெல்லாம் விளையாடுறவன் கவனிக்க மாட்டான்மா."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் ஸ்க்ரீனைத் தாண்டிப் போனேன். பாதி உடம்போடு ஒரு கிழட்டு ஆழியர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. இருந்தும் வெட்டிய உடம்பையே ரிக்கில் போட்டேன்.

வெட்டியும் பயனில்லை. டெஸ்ட் ஓட்டிப் பார்த்தால் நீள ரயில் குட்டி ரயிலாகியிருந்தது.

4. சர்ப்ப கதி

வியாழக்கிழமை காலை வரதன் புறப்பாட்டுக்காக அரை நாள் லீவு. வேலை செய்ய வேண்டிய ஃபைல் அவன் பெயரில் லாக் ஆகிக் கிடந்தது. போன் எடுக்கவில்லை. கடுப்போடு கோயிலுக்கே கிளம்பினேன்.

பிராகாரத்தில் நல்ல கூட்டம். புறப்பாடு முடிந்து பெருமாள் திரும்பிக்கொண்டிருந்தார். அவரைச் சுமக்கிற தோளுக்கினியான் என்கிற பல்லக்கு ஜனங்களின் தலைக்கு மேலே தெரிந்தது. சுமப்பவர்களின் கால்கள் கண்ணில் படவில்லை. அதனால் அது தானாக மிதந்து வந்தது. முன் தண்டு இடப்பக்கம் சாய்ந்தது. பின் தண்டு உடனே சாயவில்லை. வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி, ஒரு மூச்சு நின்று, அப்புறம்தான் இடப்பக்கம் வந்தது. அதற்குள் முன்பக்கம் வலது நோக்கிக் கிளம்பியிருந்தது. மாலைகள் அசைந்தன. நாதஸ்வரச் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி காதில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் கை குவித்தார்கள். நானும் குவித்தேன். ஃபைலை மறந்தே போனேன்.

எல்லாம் முடிந்து வரதன் தோளைத் துடைத்துக்கொண்டு வந்தான். அந்த நடை என்ன என்று கேட்டேன்.

"சர்ப்ப கதி சார். பாம்பு நடை. திரும்பி உள்ளே எழுந்தருளும்போது அப்படித்தான்."

"பின்னாடி நிக்கிறவங்க ஏன் லேட்டாத் திரும்புறாங்க?"

"முன்னாடி இருக்கறவாளுக்குத் திரும்பணும்னு தெரியும். பின்னாடி எங்களுக்குத் தண்டு வந்து சொன்னாத்தான் தெரியும். அது வந்து சேர ஒரு க்ஷணம் ஆகும். அதுக்கு முன்னாடி நாங்களா அவசரப்பட்டுத் திரும்பப்படாது. திரும்பினா பெருமாளுக்கு அலுங்கும்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா?"

"முதல் வாரமே சொன்னேன் சார். கீ ஃபிரேமைப் பாருன்னேள்."

அவனையும் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன்.

5. வெள்ளிக்கிழமை

வியாழன் மதியமே வளைகோட்டைப் பிடுங்கி எறிந்தேன். ஒவ்வொரு கணுவும் தனக்கு முந்திய கணு சொல்லித்தான் திரும்ப வேண்டும், திரும்புவதற்கு முன் சற்று வெளியே ஒதுங்க வேண்டும் என்று அமைத்தேன். தலை திரும்பிய சேதி வால் நுனிக்குச் சேர முப்பது ஃபிரேம், அதாவது ஒரு நொடி, ஆனது. அதற்கு நீளம் வேண்டும். பாதி உடம்பில் அந்த அலை கிளம்பிய வேகத்தில் செத்துவிடுகிறது. நஸ்ரினின் பழைய உடம்பை எடுத்துப் போட்டேன். வரதன் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இந்த முறை கேட்டேன்.

மறுநாள் வீடியோ காலில் முரளி சார், "நீளத்தைக் குறைச்சு..." என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்தேன். நீளத்தில் குறை இல்லை, தப்பு என் ரிக்கில், வெட்டச் சொன்னதும் நான்தான், நஸ்ரின் வரைந்ததே சரி என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். முரளி சார் முகம் இறுகிவிட்டது.

வீடியோ ஓடியது. இருண்ட பச்சைத் தண்ணீரில் கிழட்டு ஆழியர் கோபுரத்தை விட்டு அவிழ்ந்து தலையைத் திருப்பினார். அலை தோளிலிருந்து இறங்கி எங்கேயோ போய்க்கொண்டே இருந்தது. க்ளையண்ட் அம்மாள் இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு மறுபடியும். மூன்றாவது தடவை முடிந்ததும், இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

நான் நஸ்ரினைப் பார்த்தேன். "இன்னும் சொல்லி முடிக்கல மேடம்" என்றாள்.

ஆழியர் கேமில் இருக்கிறார்கள். அடுத்த ப்ராஜெக்ட்டில் முரளி சார் என்னை லீடிலிருந்து எடுத்துவிட்டு வரதனைப் போட்டார். கொஞ்ச நாள் வயிறு எரிந்தது. ஆனால் அது நியாயம்தான். பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: யாராவது வந்து வால் சீக்கிரம் வருகிறது என்றால், எழுந்து போய் வாலைப் பாருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வீடியோ கால் முடிந்ததும் நஸ்ரின் சீட்டுக்குப் போய், "நான் பண்ணது தப்பும்மா. மன்னிச்சுடு" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. பேசாமல் என் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை டீ குடிக்கும்போது, என்னைப் பார்க்காமலே, "சரி சார்" என்றாள்.