ஆசிரியர் என்ற கட்டம்

2005 ஜூன் 6 – ரூ. 44
2005 ஜூன் 7 – ரூ. 44
2005 ஜூன் 9 – ரூ. 44
2005 ஜூன் 13 – ரூ. 44

இந்த நான்கு நாள் ஓவர்டைம்தான் சாலமோனைக் கவிழ்த்தது.

கும்மிடிப்பூண்டியில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் அவர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அந்த நான்கு நாளும் ஐந்து மணிக்கு ஷிப்டு முடிந்ததும், யாரும் சொல்லாமலே உட்கார்ந்து வேலை செய்தார். ஒரே ஒரு மீன் செதிலைக் கையால் வரைந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். புதிதாக வாங்கிய மென்பொருள் அந்தச் செதிலைத் தானே பெருக்கி, விதவிதமான அலைகளாக்கிக் கொட்டியது. முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களைக் கழித்து ஒன்றை எடுத்தார். இறால் பெட்டிக்கு அதுவே மேலட்டைப் படமானது.

கம்பெனி அந்தப் படத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தபோது, படைத்தவர் பெயரை எழுதும் ‘ஆசிரியர்’ என்ற கட்டத்தில் முதலாளியின் பெயர் இருந்தது. உரிமை கம்பெனிக்கே இருக்கட்டும், அந்தக் கட்டத்தில் மட்டும் தன் பெயர் வேண்டும் என்றார் சாலமோன்.

சூப்பர்வைசர் ஆதிநாராயணன் சிரித்தார். “இன்னா நைனா, கம்ப்யூட்டரு போட்டதுக்கு நீ பேர் கேக்குற? ரேஷன் கார்டுல அதையும் சேத்துக்கினியா?”

திருவள்ளூர் வக்கீல் ஹபிபுல்லா சிரிக்கவில்லை. “கம்ப்யூட்டர்ல உருவானா, அத உருவாக்க வெச்ச ஆளுதான் ஆசிரியர். சட்டம் அப்டித்தான் சொல்லுது. வரைஞ்ச பேப்பர் இருக்குதா?”

“ஸ்கேன் பண்ணதும் கிழிச்சிட்டேன், பாய்.”

“அந்த நாலு நாள் ஓவர்டைம் கார்டுல இன்னா எழுதுனீங்க?”

ஷிப்டுக்குப் பிறகு தங்குகிறவர் ஏழு மணிக் கம்பெனி பஸ்ஸில் ஏற, கார்டில் ஓவர்டைம் வேலை என்று ஏதாவது எழுதியாக வேண்டும். எல்லோரும் எழுதுவது ஒன்றுதான்: ‘மெஷின் காவல்’. அவரும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சாலமோனும் வக்கீலும் காப்புரிமைப் பதிவு அலுவலகத்துக்கு ஆட்சேபம் அனுப்பினார்கள். கம்பெனி அந்த நான்கு கார்டுகளையும் நகலெடுத்துப் பதிலோடு இணைத்தது.

பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியில், வீட்டில், மனைவி ஜெபா கேட்டாள்: “பஸ்ஸ உட்டுட்டு, பொன்னேரி வரிக்கும் ட்ரெயின்ல வந்து ஆட்டோ புடிச்சிருக்கலாம்ல?”

“பதினஞ்சு ரூபா ஆவுமேன்னு பாத்தேன்.”



மெஷினுக்குக் காவல் இருந்ததாகத் தன் கையாலேயே எழுதியவரை ஆசிரியராகக் கொள்ள இயலாது என்று பதிவு அலுவலகம் முடிவு செய்தது. அந்தக் கடிதம் அவர் கைக்கு வந்தது 2007 மார்ச் 14, புதன்கிழமை.